எலிகளுக்கு வாய்த்த புதுத் துரை

நீலகிரி எஸ்டேட்டுகளில் புதுத் துரை வந்தால் மூன்று காரியங்கள் தவறாமல் நடக்கும். பங்களாவுக்கு வெள்ளையடிப்பார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தை இங்கிருந்து அங்கே மாற்றச் சொல்லி உத்தரவு வரும். பழைய துரை ஆசையாக நட்ட மரம் ஏதாவது ஒன்று வெட்டப்படும். காரணம் யாரும் கேட்பதில்லை. ரைட்டர் ஐயா மட்டும் பழைய ஃபைலைத் தூசி தட்டி பத்திரமாக வைத்துக்கொள்வார். அடுத்த துரை வந்ததும் பெரட்டுக்களம் பழைய இடத்துக்கே திரும்பும் என்பது அவருக்குத் தெரியும்.

இப்போது துரைக்கு சி.இ.ஓ. என்று பெயர். மரத்துக்குப் பதில் லோகோ வெட்டுப்படுகிறது. மற்றபடி விதிகள் மாறவில்லை.

இந்த மலையில் பதவியை அனுபவித்துக் காட்டிய மூத்த துரை என்றால் அது ஜான் சல்லிவன்தான். கோயம்புத்தூர் கலெக்டர். 1819 ஜனவரியில் மலை ஏறினார். ஏறியவருக்கு இறங்க மனம் வரவில்லை. கோத்தகிரிப் பக்கம் திம்பட்டியில் முதலில் முகாம். பிறகு ஊட்டியில் கல்லால் ஒரு வீடு. 1823-ல் தொடங்கி ஓர் ஏரி. சீமைக் காய்கறித் தோட்டம். கோயம்புத்தூர் ஜனங்கள் வெயிலில் வரி கட்டிக்கொண்டிருக்க, கலெக்டர் குளிரில் முட்டைக்கோசு வளர்த்துக்கொண்டிருந்தார். மேலிடம் சும்மா இருக்குமா? 1830-ல் மலையின் பெரும்பகுதியைப் பிய்த்து மலபார் மாவட்டத்தோடு ஒட்டிவிட்டார்கள். அவர் வெட்டிய ஏரியில் இன்றும் படகு விடுகிறோம், அவருக்குச் சிலையும் வைத்திருக்கிறோம், அதெல்லாம் சரி. ஆனால் முதலில் தனக்கு வீடு கட்டுகிற தலைவர் என்ற மரபை இந்த மலைக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். மலைப் பழங்குடிகளான தோடர்களின் நிலம் தோடர்களுக்கே சொந்தம் என்று கிழக்கிந்தியக் கம்பெனியோடு மல்லுக்கட்டியவரும் அவரே என்பதால் இத்தோடு அவரை விட்டுவிடுவோம்.

நம் கதாநாயகர் வேறு. அவருக்கு வீடு இல்லை, ஆபீஸ் இல்லை, ஆள் இல்லை. ஒரே ஓர் அறை. அதுவும் இரவல்.

இடம் குன்னூர், வருடம் 1918. சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே பாஸ்டியர் இன்ஸ்டிட்யூட். 1907-ல் தொடங்கியது, வெறிநாய் கடித்தவர்களுக்கு மருந்து செய்யும் இடம். அங்கே ஓர் அறையை ஒதுக்கி, 'பெரிபெரி விசாரணை' என்று பெயரிட்டு, ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ டாக்டரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். அயர்லாந்துக்காரர், வயது நாற்பது, யுத்தத்தில் உடம்பு கெட்டுத் திரும்பியவர். நாய்க்கடிக்காரர்கள் வரிசையில் நிற்கும் கட்டடத்தில் ஒரு மூலை அறையைப் பெற்றுக்கொண்டு, "நான்தான் இங்கே தலைவர்" என்று சொல்ல யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். சொல்லிக்கொள்ள அங்கே ஆளும் இல்லை என்பதால் அவர் வேலையைத் தொடங்கிவிட்டார்.

அவர் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இளவயதில் வடமேற்கே கில்கிட்டில் டாக்டராக இருந்தார். அங்கே ஒரே வாய்க்காலை நம்பிப் பல ஊர்கள். மேல் ஊர் கழுவிவிட்ட தண்ணீரைக் கீழ் ஊர் குடிக்கும். கீழே போகப் போகக் கழுத்தில் கழலை அதிகம். தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகம் வந்தது. சாதாரணத் தலைவர் என்றால் கீழ் ஊர்க்காரர் நாலு பேரைக் கூப்பிட்டு, "குடித்துப் பார்த்துச் சொல்லுங்கள்" என்பார். இவர் அந்தத் தண்ணீரை வடிகட்டி, அடியில் தங்கிய கசடைக் குடிக்க ஆள் சேர்த்தார். சேர்ந்தவர்களில் அவரும் ஒருவர். ஊழியர் குடிக்கும் காப்பியையே தொடாத தலைவர்கள் உள்ள உலகத்தில் இது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் புது வேலைக்கு அவர் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்த ஒரே சாமான் அந்தப் பழக்கம்தான்: ஊர் எதை விழுங்குகிறது என்று முதலில் பார்ப்பது.

குன்னூரில் கேள்வி அரிசி. ஆலையில் பளபளவென்று தீட்டிய அரிசியையே நம்பி வாழ்கிறவர்களுக்குக் கால் மரத்துப்போகிறது, நெஞ்சு வீங்குகிறது, ஆள் போய்விடுகிறான். இதுதான் பெரிபெரி. தவிட்டில் ஏதோ இருக்கிறது என்பது அதற்குள் தெரிந்திருந்தது. அதைத் தெரியவைத்ததில் ஒரு சமையற்காரருக்கும் பங்கு உண்டு. 1890-களில் ஜாவாவில் எய்க்மான் என்ற டச்சு டாக்டர் கோழிகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோறு கோழிகளுக்கு. கோழிகளுக்குக் கால் இழுத்துக்கொண்டது. ஒருநாள் சமையலறைக்குப் புதுத் தலைமை வந்தது. வந்ததும் முதல் உத்தரவு: "ராணுவச் சோறு சிவிலியன் கோழிகளுக்குக் கிடையாது." கோழிகளுக்கு மட்டமான, தீட்டாத அரிசி போடப்பட்டது. கோழிகள் எழுந்து நடந்தன. எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. சமையற்காரரின் பெயர்கூட நமக்கு மிஞ்சவில்லை. புதுத் தலைவரின் முதல் உத்தரவு உலகத்துக்கு நன்மை செய்த சம்பவம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அவருக்கே அது தெரியாது என்பது இன்னும் விசேஷம்.

குன்னூரில் மெக்காரிசன் புறாக்களில் தொடங்கினார். தீட்டிய அரிசி தின்ற புறாக்கள் கழுத்தை முறுக்கிக்கொண்டு விழுந்தன. நரம்பு மட்டும் கெடவில்லை, குடல் உட்பட உள்ளே ஒவ்வொரு உறுப்பும் கெட்டிருந்தது என்று அறுத்துப் பார்த்து எழுதினார். 1921-ல் புத்தகமாகவும் வந்தது. அறை அதே அறை. புகழ் மட்டும் கப்பலேறிப் போயிற்று.

கப்பல் என்றதும் இஞ்ச்கேப் பிரபு வருகிறார். பெரிய கப்பல் கம்பெனி முதலாளி. யுத்தக் கடனில் மூழ்கிய இந்திய சர்க்காரின் செலவை எங்கே வெட்டலாம் என்று சொல்ல அவர் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். கணக்குப் புத்தகத்தைப் புரட்டும்போது, "புறாக்களுக்குத் தீனி" என்று எங்காவது கண்ணில் பட்டிருக்கும் என்பது என் கற்பனை. கற்பனை இல்லாதது இது: 1923-ல் குன்னூர் விசாரணை மூடப்பட்டது. ஒரே அறையில் நடந்ததை மூடி ஒரு சாம்ராஜ்யம் எவ்வளவு மிச்சம் பிடித்திருக்கும்? இஞ்ச்கேப்பின் கப்பலில் ஒருநாள் விருந்துச் செலவு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையில் சேர்ந்து ஐந்தாம் வருடம் நாற்காலியே போன தலைவர் என்ன செய்வார்? இந்தக் காலமாக இருந்தால் 'புதிய சவால்களை நோக்கி' என்று ஓர் அறிவிப்பு விட்டுவிட்டு ஆலோசகர் ஆகிவிடுவார். மெக்காரிசன் அதே கேள்வியைப் பிடித்துக்கொண்டு நின்றார். 1925-ல் விசாரணையைத் திரும்பத் திறந்தார்கள். இந்த முறை பெயர் கொஞ்சம் நீண்டது: 'குறைபாட்டு நோய்கள் விசாரணை'. அடுத்த வருடம் கோயம்புத்தூரில் அரசு விவசாய ரசாயன நிபுணராக இருந்த பி. விஸ்வநாத்தோடு சேர்ந்து, மாட்டெருவில் விளைந்த தானியத்துக்கும் ரசாயன உரத்தில் விளைந்ததற்கும் சத்தில் என்ன வித்தியாசம் என்று எழுதினார். விவசாயத்துக்கான ராயல் கமிஷன் வந்தபோது, இந்தியாவின் பெரிய வியாதி அரைகுறைச் சாப்பாடுதான் என்று எடுத்துச் சொன்னார். 1928-ல் அந்த ஓர் அறை 'ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடம்' ஆனது. அவர் இயக்குநரானார். பத்து வருடம் கழித்துத் தலைவருக்குத் தலைவர் என்ற பட்டம் கிடைத்தது.

கூடம் பெரிதானதும் எலிகள் வந்தன. சாதி, குலம், வரலாறு எதுவும் இல்லாத சுத்த வெள்ளை எலிகள். அவற்றைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து இந்தியாவின் ஏழு சாப்பாடுகளைப் போட்டார்: சீக்கியர், பட்டாணியர், மராத்தியர், கூர்க்கா, கன்னடியர், வங்காளி, கடைசியாக மதராசி. எலிகளுக்கு அன்று வந்த யோகத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு கூண்டில் முழுக் கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், பருப்பு, கேரட், வாரம் ஒருநாள் இறைச்சி. சில கூண்டுகள் தள்ளி நம்ம ஊர்ச் சாப்பாடு: நன்றாகத் தீட்டி, நன்றாகக் கழுவிய அரிசிச் சோறு, கொஞ்சம் பருப்பு, காய், மோர், கொஞ்சமாகப் பால் விட்ட காப்பி.

ஆமாம், காப்பி. எலிக்கு.

ரிசல்ட் வந்தது. சீக்கிய எலி சராசரி 235 கிராம். மதராசி எலி 155 கிராம். ஏழில் ஏழாவது ராங்க். வங்காளி எலிகூட நம்மை முந்திவிட்டது. கும்பகோணம் டிகிரி காப்பியை ஓர் எலியால் நியாயப்படுத்த முடியவில்லை என்பது தமிழ்ச் சமூகத்துக்கு விழுந்த பெரிய அடிதான்.

அடி நமக்கு மட்டும் இல்லை. பஞ்சாபியும் பட்டாணியும் கூர்க்காவும் பிறவியிலேயே வீரர்கள், அரிசி தின்கிற தெற்கத்தியான் பிறவியிலேயே சோனி என்று வெள்ளைக்கார ராணுவம் ஒரு சித்தாந்தம் வைத்து ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. குன்னூர்க் கூண்டில் இருந்தவை எல்லாம் ஒரே வம்சம். தட்டு மட்டும்தான் வேறு. வீர ரத்தம் என்று சொன்னதில் பாதி பாலும் வெண்ணெயும் என்று எலிகள் காட்டிவிட்டன. தன் ராணுவத்தின் நம்பிக்கையையே தன் ஆராய்ச்சி கடித்துக் குதறுகிறது என்பதை டாக்டர் எவ்வளவு தூரம் ரசித்தாரோ தெரியாது. எலிகள் ரசித்திருக்கும்.

அடுத்து அவர் செய்ததுதான் உச்சம். நம்ம சாப்பாட்டைப் போட்டாயிற்று, வெள்ளைக்காரன் சாப்பாட்டையும் போட்டுப் பார்ப்போம் என்று இங்கிலாந்து ஏழைகளின் தட்டை எடுத்துவந்தார். வெள்ளை ரொட்டி, மார்ஜரின், சர்க்கரை போட்ட டீ, வேகவைத்த முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு, டின் இறைச்சி, ஜாம். எலிகள் வளராமல் குறுகின. பராமரிக்க வந்தவர்களைக் கடித்தன. அறுபதாம் நாள் வாக்கில் தங்களுக்குள் நோஞ்சானாக இருந்தவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. சப்பாத்தி எலிகள் அதே கட்டடத்தில் ஒற்றுமையாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

புதுத் தலைவருக்கு முதல் நூறு நாள் முக்கியம் என்று நிர்வாகப் புத்தகங்கள் சொல்லும். 1933-ல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தொடங்கிவைத்த கணக்கு அது. குன்னூர் எலிகள் அறுபது நாள்தான் பொறுத்தன. நம் ஆபீஸ்களில் ஒருவரை ஒருவர் தின்பது தொடங்கியவுடன் தலைவர்கள் 'குழு ஒற்றுமைப் பயிலரங்கு' என்று ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போய்ப் பலூன் ஊதச் சொல்கிறார்கள். மெக்காரிசன் எலிகளைத் திட்டவும் இல்லை, பலூன் கொடுக்கவும் இல்லை. தட்டில் என்ன விழுகிறது என்று பார்த்து எழுதிக்கொண்டார். சம்பளம் இவ்வளவு, இன்கிரிமெண்ட் இல்லை, ஓவர்டைம் இல்லை என்கிற தட்டைப் போட்டுவிட்டு, "இவர்களுக்கு மனப்பான்மை சரியில்லை" என்று புலம்புகிற மேனேஜர்களை அந்தக் கூண்டின் முன்னால் ஒரு மணி நேரம் நிறுத்தலாம்.

1933-ல் அவருக்கு 'சர்' பட்டம் வந்தது. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். தலைவர் நீண்டகாலம் ஒரே நாற்காலியில் இருந்தால் கூண்டு அழகாகிவிடும். குன்னூரில் நல்ல தீனி தின்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகள் நோய் என்பதே அறியாமல் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. மதராசிச் சாப்பாட்டை எலிக்குப் போட்டுப் பார்த்த கட்டடத்தின் வாசலிலேயே அதைத் தினமும் சாப்பிடுகிற மதராசிகள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். எலி சங்கத் தலைவர் பேசக் கூடியவராக இருந்தால், "துரை, எங்களுக்கு எல்லாம் திருப்தி. வாசல்ல நிக்கிறவங்களையும் ஒருதரம் எடை போட்டுப் பாருங்க" என்று மனு கொடுத்திருப்பார்.

1935-ல் மெக்காரிசன் விடைபெற, வந்தார் வாலஸ் ஏக்ராய்ட். இவரும் அயர்லாந்தில் படித்தவர். ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் சுகாதாரப் பிரிவில் இருந்தவர். இவர் நிலைமைதான் உண்மையில் கஷ்டம். ஒன்றுமில்லாத அறையில் தொடங்குவது சுலபம். எதைச் செய்தாலும் முன்னேற்றம். உலகப் புகழ் பெற்றவரின் நாற்காலியில் போய் உட்கார்வதுதான் சோதனை. சுவரில் தொங்குகிற பழைய துரை படம் தினமும் முறைக்கும். ஊழியர்கள், "சர் இருந்தப்ப இப்படிச் செய்ய மாட்டாங்க" என்பார்கள். எலிகளே அப்படித்தான் பார்த்திருக்கும்.

ஏக்ராய்டுக்கு இரண்டு சுலபமான வழிகள் இருந்தன. எலிகளை விரட்டிவிட்டு, 'இனி முயல்' என்று அறிவித்திருக்கலாம். அல்லது சப்பாத்தி எலியின் 235 கிராமை 240 ஆக்கி அதையே சாதனை என்று சொல்லிப் பத்து வருடம் ஓட்டியிருக்கலாம். அவர் எலிகளை எலிகள் பாட்டுக்கு விட்டார். கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினார். தென்னிந்தியக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் என்ன சமைக்கிறார்கள், எவ்வளவு சமைக்கிறார்கள், எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். நம் அம்மாக்களின் அடுப்பங்கரைக்குள் தராசோடு ஆராய்ச்சியாளர் நுழைவது சின்ன விஷயமா? "அளந்து போட்டா ஒட்டாது" என்று எத்தனை பாட்டிகள் திட்டினார்களோ, அது எந்த அறிக்கையிலும் இல்லை.

விடுதிப் பிள்ளைகளுக்கு வழக்கமான சாப்பாட்டோடு ஆடை நீக்கிய பாலைக் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுத்த பிள்ளைகள் மற்றவர்களைவிட உயர்ந்தார்கள், கனத்தார்கள். சோயாவையும் சோதித்தார்கள். 1937-ல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பு பற்றி 'ஹெல்த் புல்லட்டின் 23' வந்தது. கேழ்வரகில் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து, முருங்கைக்கீரையில் என்ன, பச்சரிசியில் என்ன போயிற்று, புழுங்கலரிசியில் என்ன தங்கிற்று என்று அட்டவணை அட்டவணையாக. அதன் வம்சத்தில் வந்த புத்தகத்தைத்தான் நம் ஊர் டயட்டீஷியன்கள் வெகுகாலம் மேசையில் வைத்திருந்தார்கள். மெக்காரிசனின் எலிகள் மதராசிக்கு ஏழாவது ராங்க் கொடுத்தன. ஏக்ராய்டின் ஆட்களோ, தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கல் எவ்வளவோ மேல், வேகவைக்கும்போதே தவிட்டுச் சத்து மணிக்குள் இறங்கிவிடுகிறது என்று எழுதினார்கள். தமிழனின் மானம் பாதி மீண்டது. காப்பி பற்றி மட்டும் யாரும் தீர்ப்பை மாற்றவில்லை.

1943-ல் வங்காளத்தில் பஞ்சம் வந்தது. அதை விசாரித்த கமிஷனில் ஏக்ராய்டும் உறுப்பினர். இங்கே சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. பதினைந்து லட்சம் பேர் செத்தார்கள் என்று கமிஷன் 1945-ல் சொன்னது. அந்தக் கணக்கைப் போட்டவர் அவர். பிறகு ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பில் ஊட்டச்சத்துப் பிரிவுக்குத் தலைவராகப் போனார். குன்னூர்க் கூடம் 1958-ல் மலையிறங்கி ஹைதராபாத்துக்குக் குடிபோயிற்று. 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் மாறியது. நாய்க்கடி ஆஸ்பத்திரியின் ஒரு மூலை அறை அங்கே தேசிய நிறுவனமாக நிற்கிறது.

இரண்டு துரைகளுக்கும் நடையுடை வேறு, நாற்காலி ஒன்று, கேள்வியும் ஒன்று: இவன் தட்டில் என்ன இருக்கிறது? முதலாமவர் பட்ஜெட் போனபோதும் அதை விடவில்லை. இரண்டாமவர் பட்ஜெட் இருந்தபோதும் அதை மறக்கவில்லை. பட்ஜெட் இருக்கும்போது மறக்காமல் இருப்பதுதான் கடினம். புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு என்னால் தர முடிந்த ஆலோசனை இவ்வளவுதான்: பதில்களோடு வராதீர்கள், அவை எல்லாம் முந்தின துரையிடமும் இருந்தன.

கூடவே ஒரு சின்ன விஷயம். 1974-ல், ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து, பஞ்சங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் ஏக்ராய்ட், வங்காளத்துக்குத் தான் போட்ட கணக்கு குறைவுதான், தெருவோரம் விழுந்து செத்தவர்களைப் போதுமான அளவு சேர்க்கவில்லை என்று எழுதிவைத்தார். தன் பெயரால் அரசாங்க ஏட்டில் ஏறிய எண்ணைத் தானே தப்பு என்று சொல்ல அவருக்கு 29 வருடம் ஆயிற்று. நம் தலைவர்களுக்கும் அவசரமில்லை. பென்ஷன் தீர்வதற்குள் சொன்னால் போதும்.